கனமா, கரகரப்பா?

ஓஹாயோ மாநிலத்தில் என் அக்கா குடியிருக்கும் தெருவில், நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். 40 வருடம் டை மேக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு டிசம்பர் மாலை அவருடைய கராஜில் உட்கார்ந்திருந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கனத்த மர மேசை, வளைந்து நிற்கும் விளக்கு, விரித்துப் போட்ட வெள்ளைத் துண்டு, துண்டின் நடுவில் ஒரு ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் மாடல் 10. 1899-ல் வேறு பெயரில் பிறந்து, 60 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டு, அமெரிக்கப் போலீஸ்காரர்களின் இடுப்பில் பல தலைமுறை தொங்கிய துப்பாக்கி அது.

உருளையை வெளியே சாய்த்து ஆறு அறைகளையும் விளக்குக்கு நேரே காட்டினார். காலி. விரல்நுனியால் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இல்லை. வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தார். அதன் பிறகுதான் என் கையில் கொடுத்து, சுவரைப் பார்த்துப் பிடித்து ட்ரிகரை இழுக்கச் சொன்னார்.

இழுத்தேன். முதலில் நகரவே மாட்டேன் என்றது. கொஞ்சம் அழுத்தியதும் சட்டென்று கொஞ்ச தூரம் ஓடி, பாதி வழியில் மணலில் மாட்டிய சக்கரம்போல நின்றது. இன்னும் அழுத்த, இரண்டு சின்ன உதறல். பிறகு 'டக்'. குழல் முனை ஒரு அங்குலமாவது ஆடியிருக்கும்.

“ரொம்பக் கனம்” என்றேன்.

அவர் தலையாட்டினார், ஒப்புக்கொள்ளும் ஆட்டம் அல்ல. ஒரு ஸ்பிரிங் தராசின் கொக்கியை ட்ரிகரில் மாட்டி இழுத்தார். முள் 12 பவுண்டு காட்டியது. நம் கணக்கில் ஐந்தரைக் கிலோ. மேசை ஓரத்தில் கிடந்த காகிதத்தில் அதைக் குறித்துக்கொண்டார். “இது கனம். உன் விரல் குறை சொன்னது இதை இல்லை. அது வேறு” என்றார்.

அந்த 'வேறு' எது என்பதுதான் இந்த அத்தியாயம்.

தமிழில் எழுத உட்காரும்போதே ஒரு சிக்கல் வருகிறது. ட்ரிகருக்கு நாம் வழங்கும் சொல் விசை. இயற்பியலில் தள்ளுகிற, இழுக்கிற சக்திக்கும் அதே சொல்தான். விசைமேல் கொடுக்கும் விசை என்று எழுதினால் யாருக்கும் புரியாது. ஆகவே இங்கே விரல் படும் உறுப்பு ட்ரிகர். விரல் கொடுப்பது விசை. பின்னால் எழும்பித் தோட்டாவை அடிக்கிற சுத்தியலுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: குதிரை. வீணையில் தந்தியைத் தாங்கும் பாலத்துக்கும் அதே பெயர். எனக்குப் பிடித்த சொல், அதையே வைத்துக்கொள்கிறேன்.

சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய ரிவால்வரில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. கட்டைவிரல் குதிரையைப் பின்னால் இழுத்துப் பள்ளத்தில் நிறுத்தும். ஆள்காட்டி விரல் அதை விடுவிக்கும், அவ்வளவுதான். பாரம் முழுதும் கட்டைவிரலுக்கு. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் கோல்ட் தன் துப்பாக்கிகளைப் பரப்பி வைத்திருந்தபோது, ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் இன்னொன்றைக் காட்டினார். அதில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. ட்ரிகரை இழுத்தால் குதிரை தானே எழும்பி, தானே விழும். ஐந்தாண்டு கழித்து பியூமான்ட் என்ற ராணுவ அதிகாரி, இரண்டு விதமாகவும் சுடும்படி ஆடம்ஸின் அமைப்பை மாற்றினார். மாடல் 10 அந்த வம்சம். கட்டைவிரலால் குதிரையை ஏற்றி வைத்துவிட்டால் ஆள்காட்டி விரலுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ விசை போதும். ஏற்றாமல் நேரே இழுத்தால் ஐந்து கிலோவைத் தாண்டும்.

அந்த நேர் இழுப்பில் ஒரு விரல் செய்யும் வேலைகளைப் பாருங்கள். பெரிய ஸ்பிரிங்கை வளைத்துக் குதிரையைத் தூக்குகிறது. ட்ரிகரைத் திரும்பக் கொண்டுவரும் சின்ன ஸ்பிரிங்கை நெரிக்கிறது. உருளையைப் பூட்டியிருக்கும் தாழைக் கீழே இறக்குகிறது. ஒரு நெம்புகோலால் உருளையை 60 டிகிரி சுற்றுகிறது. தாழ் மேலே எழும்பி அடுத்த பள்ளத்தில் விழ வழி விடுகிறது. போதாததற்கு, குதிரையைத் தூக்கும் சுமை நடுவழியில் ஒரு உறுப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது. இத்தனையும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நகர்வுக்குள்.

இனி ஒரு சின்னக் கணக்கு. துப்பாக்கியின் எடை ஒரு கிலோ. விரல் தரும் விசை அதன் எடையைப்போல் ஐந்து மடங்கு. உள்ளங்கைப் பிடி எதிர்ப்பக்கம் அதே அளவு கொடுத்துச் சமன் செய்கிறது. விசை சீராக ஏறினால் பிடியும் சீராக ஏறும், துப்பாக்கி அசையாது. விசை திடீரென்று குறைந்தால், பிடியின் தசைகளுக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் குழல் நகர்ந்துவிடும். குறிமுள்ளுக்கும் பின்னால் இருக்கும் பிளவுக்கும் இடையே தூரம் சுமார் 15 சென்டிமீட்டர். முள் 1 மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். அந்தக் கராஜில் என் கையில் ஆடியது பல மில்லிமீட்டர்.

ஆக, கேள்வி எத்தனை கிலோ என்பதைவிட அந்தக் கிலோக்கள் எந்த வரிசையில் வந்து சேர்கின்றன என்பதுதான். ட்ரிகரின் நகர்வைக் கிடையாகவும் விசையைச் செங்குத்தாகவும் வைத்து வரைபடம் போட்டால், நல்ல ரிவால்வரில் அது மெல்ல ஏறும் மேட்டு நிலம்போல இருக்கும். மோசமானதில் ரம்பப் பல். இரண்டிலும் உச்சி 12 பவுண்டாகவே இருக்கலாம். தராசு உச்சியை மட்டும் சொல்கிறது.

விரல் அப்படி இல்லை. விரல்நுனித் தோலுக்கு அடியில் பாசினியன் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. வெங்காயம்போல அடுக்கடுக்கான உறைகள், நடுவில் ஒரு நரம்பு நுனி. நிலையான அழுத்தத்தை இவை சீக்கிரமே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நடுங்கினால், அதுவும் நொடிக்கு 200, 300 தடவை நடுங்கினால், அதிர்வின் வீச்சு மிகச் சிறியதானாலும் உடனே கத்தும். ஸ்டாக்ஹோமில் 2013-ல் வெளியான ஒரு ஆய்வு, நெளிநெளியான பரப்புகளைத் தடவச் சொல்லி விரலின் எல்லையைத் தேடியது. 13 நானோமீட்டர் உயரமுள்ள நெளிவைக்கூட மனித விரல் சமதளத்திலிருந்து பிரித்தறிந்தது. தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு! இப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு கரகரப்பான ட்ரிகரை இழுத்தால், மூளைக்குப் போகும் செய்தி ஒன்றுதான்: இது சரியில்லை. அந்தச் செய்திக்கு நாம் தெரிந்த சொல்லை மாட்டுகிறோம். கனம் என்கிறோம்.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடினால் 300 வருடம் பின்னால் போக வேண்டும். பாரிஸில் 1699-ல் அமோன்டோன் உராய்வின் விதிகளைச் சொன்னார்: உராய்வு, அழுத்தும் பாரத்துக்கு ஏற்ப ஏறும், தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பது பொருட்டல்ல. இரண்டாவது விதியைக் கேட்டு அன்றைக்கே பலர் முகம் சுளித்தார்கள். பெரிய பரப்பு தொட்டால் அதிகம் உரசத்தானே வேண்டும்? ராணுவப் பொறியாளர் கூலம், 1781-ல் பரிசு பெற்ற தன் ஆய்வில் இதை உறுதி செய்ததோடு, சும்மா கிடக்கும் பொருளை அசைக்க வேண்டிய விசை, ஓடுகிற பொருளை ஓடவைக்கும் விசையைவிட அதிகம் என்பதையும், கிடக்கும் நேரம் ஏற ஏற அது கூடுவதையும் அளந்து காட்டினார். ஏன் என்ற கேள்விக்குப் பதில் வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

பதிலைச் சொன்னவர் பிராங்க் பிலிப் பௌடன், டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் அவரும் டேவிட் டேபரும் சேர்ந்து, பளபளப்பான இரும்பும் உண்மையில் மேடுபள்ளக் காடு என்று நிறுவினார்கள். இரண்டு பலாப்பழங்களைத் தோலோடு தோல் வைத்து அழுத்துங்கள். தொடுவது முள்நுனிகள் மட்டும். உலோகத்திலும் அப்படியே. கண்ணுக்குத் தெரியும் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரோ பத்தோ, உண்மையில் தொடுவது நுனிகள்தான். அழுத்தம் ஏறினால் நுனிகள் நசுங்கி, பாரத்தைத் தாங்கும் அளவு பரப்பு கிடைத்ததும் நின்றுகொள்ளும். அமோன்டோனின் புதிர் அங்கே அவிழ்ந்தது: உண்மையான தொடுபரப்பைத் தீர்மானிப்பது பாரமும் உலோகத்தின் கடினமும்தான்.

நம் ரிவால்வருக்கு இதைப் பொருத்துவோம். விரலின் ஐந்து கிலோ, நெம்புகோல் கணக்கில் உள்ளே இரண்டு மடங்காகி 10 கிலோவாக அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடினப்படுத்திய எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 600 கிலோ தாங்கும். அப்படியானால் 10 கிலோவைத் தாங்க ஒரு சதுர மில்லிமீட்டரில் 60-ல் ஒரு பங்கு போதும். ஒரு கடுகைவிடப் பல மடங்கு சிறிய அந்த இடத்தில்தான் ட்ரிகரும் குதிரையும் சந்திக்கின்றன. நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு பிய்யும். மறுபடி ஒட்டும். பழைய பீரோ இழுப்பறை சிக்கிச் சிக்கி வருவதும், எண்ணெய் காணாத கிணற்றுச் சகடை கிறீச்சிடுவதும், வயலின் வில் தந்தியைப் பேச வைப்பதும் இதே ஒட்டலும் வழுக்கலும்தான். ஒட்டியிருக்கும்போது விரலின் தசை இறுகிக்கொண்டே போகிறது. பிய்ந்ததும் சேர்த்து வைத்த இறுக்கம் ஒரேயடியாக விடுபடுகிறது. நான் உணர்ந்த உதறல் அது.

பெரியவர் பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினார். திருகின் பிளவுக்கு அச்சாகப் பொருந்தும்படி தீட்டிய ஸ்குரூடிரைவர்; தலையில் ஒரு கீறல் விழவில்லை. தகடு அசையவில்லை. நானாக இருந்தால் கத்தி முனையை விட்டு நெம்பியிருப்பேன். அவர் துப்பாக்கியைத் தகடு மேலே பார்க்கும்படி இடது கையில் பிடித்து, ஒரு மரச் சுத்தியின் பிடியால் கைப்பிடிச் சட்டத்தை மெதுவாகத் தட்டினார். டொக், டொக், டொக். நாலாவது தட்டில் தகட்டின் விளிம்பு மயிரிழை எழும்பியது. ஏழெட்டுத் தட்டில் தானாக மேலே வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. விளிம்பு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தியிருக்கும் தகட்டை நெம்பினால் அந்தப் பொருத்தம் என்றென்றைக்கும் போயிற்று. அதிர்வுக்கு மட்டும்தான் அது இணங்கும்.

உள்ளே பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பழுப்பு நிறப் பிசின். பல வருடத்துக்கு முன் விட்ட எண்ணெய் காற்றுப்பட்டுத் தடித்து, அதில் சட்டைப்பை நூலும் பித்தளைத் தூளும் கரித்துகளும் ஒட்டிக் கிடந்தன. பல் துலக்கும் பிரஷும் கரைப்பானும் வைத்து அரைமணி நேரம் கழுவினார். வீட்டில் ட்ரிகரைச் சீராக்க நினைக்கும் பெரும்பாலோருக்குத் தேவையானது இந்த அரைமணி நேரம்தான் என்பது அவர் கருத்து. அதற்குப் பிறகு செய்வதெல்லாம் மிச்சமுள்ள கொஞ்சத்துக்காக என்றார்.

கழுவிய பிறகு ஒரு மார்க்கர் பேனாவால் உரசும் பரப்புகளில் நீல மை பூசி, பூட்டி, பத்துத் தடவை இழுத்துவிட்டு மறுபடி திறந்தார். நம் ஊர் ஃபிட்டர்கள் ப்ளூ போட்டுப் பார்ப்பது இதேதான். மை அழிந்த இடம் தொடும் இடம். ட்ரிகரைத் திருப்பும் ஸ்பிரிங்கைச் சுமக்கும் சின்ன எஃகுக் கட்டை சட்டத்தின் தரையில் உரசிப் போகிறது. அதன் அடிப்பக்கத்தில் மூன்று மெல்லிய கோடுகளில் மட்டும் மை காணாமல் போயிருந்தது. ஃபாக்டரியில் கட்டர் விட்டுச் சென்ற வரப்புகள். மிக நயமான கல்லை எண்ணெயில் நனைத்து, கட்டை ஓடும் திசையிலேயே நாலைந்து தடவை தேய்த்தார். குறுக்கே தேய்த்தால் புதிய வரப்பு விழும். கண்ணாடிபோல ஆகும்வரை தேய்ப்பீர்களா என்று கேட்டேன். மாட்டேன் என்றார். வரப்பின் தலையை மட்டும் எடுத்தால் போதும், பள்ளத்தில் எண்ணெய் நிற்கட்டும்.

அந்த எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜின் வில்லியம் ஹார்டி 1922-ல் ஒரு விஷயத்தைக் கண்டார். எண்ணெய் முழுதும் பிதுங்கி வெளியேறிய பின்னும், உலோகத்தின் மேல் ஒட்டி நிற்கும் மூலக்கூறு அடுக்கு ஒன்று உராய்வைப் பல மடங்கு குறைக்கிறது. கொழுப்பு அமில மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, நீண்ட வால் மேலே நிற்கும். நாற்றங்காலில் நெருக்கமாக நிற்கும் நாற்றுபோல. எதிரே இருக்கும் பரப்பிலும் அப்படி ஒரு நாற்றங்கால். இரும்பு இரும்பைத் தொடாமல் வால்கள் வால்களின் மேல் வழுக்கிப் போகின்றன. ட்ரிகர் நகரும் வேகத்தில் எண்ணெய்ப் படலம் தடித்து நின்று உறுப்புகளைத் தூக்கிவிட வழியே இல்லை. காப்பாற்றுவது இந்த ஒற்றை அடுக்குதான். ஆகவே ஒரு துளி போதும். நிறைய விட்டால் தூசியைப் பிடித்து அடுத்த பிசினுக்கு அஸ்திவாரம் போடும்.

இதுவரை சொன்னது கரகரப்பை எடுக்கிற வேலை. வீட்டு மேசைகளில் நடக்கும் விபரீதமெல்லாம் கனத்தைக் குறைக்கப் போகும்போதுதான் நேர்கிறது.

எளிதாகக் கைக்கு எட்டுவது ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டிவிட்டால் இலகுவாகும் என்று நினைக்கிறார்கள். ராபர்ட் ஹூக் 1678-ல் தன் விதியை வெளியிட்ட நாளிலிருந்து தெரிந்த விஷயம்: நீட்சிக்கு ஏற்ப விசை. ஆனால் சுற்றுகளைக் குறைத்தால் அந்த விகிதமே மாறிவிடும். பாதிச் சுற்றுகளை வெட்டினால் மிச்சமிருக்கும் பாதி இரண்டு மடங்கு விறைப்பு. தொடக்கத்தில் இலகுவாக இருக்கும். இழுக்க இழுக்கச் செங்குத்தாக ஏறும். அதோடு, அந்தச் சுருள் ஸ்பிரிங்கின் வேலை ட்ரிகரை முன்னால் தள்ளுவது. பலம் குறைந்தால் விரல் முன்னே போகும், ட்ரிகர் பின்னாலேயே நிற்கும். எட் மெக்கிவர்ன் என்ற வேகச் சுடுநர் 1932-ல் ஒரு சாதாரண ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் ஐந்து குண்டுகளை 0.45 நொடியில் சுட்டார். ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 0.11 நொடி. அதற்குள் ட்ரிகர் முழுதும் திரும்பி, உருளை அசைவிலிருந்து நின்று, நின்றதிலிருந்து மறுபடி சுழல வேண்டும். நோஞ்சான் ஸ்பிரிங்கால் அது ஆகுமா?

குதிரையை அடிக்க வைக்கும் பெரிய ஸ்பிரிங், லாரிக்கு அடியில் இருக்கும் பட்டைபோல வளைந்த எஃகுப் பட்டை. கைப்பிடியின் முன்பக்கத்தில் ஒரு திருகு அதை முறுக்கி வைத்திருக்கிறது. அதைத் தளர்த்தினால் ட்ரிகர் இலகுவாகும், சந்தேகமில்லை. ஆனால் குதிரையில் சேரும் ஆற்றலும் குறையும். தோட்டாவின் பின்னால் இருக்கும் பிரைமருக்குள் மிளகு அளவு வெடிமருந்து, இன்றைக்குப் பெரும்பாலும் லெட் ஸ்டிப்னேட். குதிரை அதை நசுக்குவதால் மட்டும் வெடிப்பதில்லை. நசுங்கும் படிகங்களுக்கு நடுவே ஏதோ சில புள்ளிகளில், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இடங்களில், உராய்வும் அமுக்கமும் சேர்ந்து பல நூறு டிகிரி வெப்பம் கிளம்ப வேண்டும். அந்தச் சூட்டுப் புள்ளிகளிலிருந்துதான் தீ பரவும்.

இதை விளக்கியவர் யார் தெரியுமா? அதே பௌடன். யோஃபே என்பவருடன் சேர்ந்து 1952-ல் வெளியிட்ட புத்தகத்தில். உராய்வைப் பற்றி டேபருடன் எழுதிய புத்தகம் வந்து இரண்டே வருடத்தில். எனக்கு இந்த இடத்தில் எப்போதும் மயிர்க்கூச்செறியும். ட்ரிகரின் ஒரு முனையில் நாம் துரத்தித் துரத்தி அழிக்கிற உராய்வு, மறுமுனையில் இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்பு. இரண்டு முனைகளையும் ஒரே மனிதர் வாழ்நாளில் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

குதிரையின் அடி பலவீனமானால் சூட்டுப் புள்ளி சில தோட்டாவில் பிறக்கும், சிலதில் பிறக்காது. கோடையில் வெடிக்கும், எண்ணெய் கெட்டிப்படும் குளிரில் 'டக்' என்ற சத்தம் மட்டும் வரும். பந்தயத்துக்குச் சுடுகிறவர்கள் வேறு வழியில் போகிறார்கள். குதிரையின் எடையைக் குறைத்தால், அதே ஸ்பிரிங் அதை இன்னும் வேகமாக ஓட்டும். ஆற்றல் ஏறக்குறைய அப்படியே நிற்கும், விழும் நேரம் குறையும். கூலிக்குச் செய்தாலும் அது கவனமான வேலை.

அடுத்த விபரீதம்தான் பயங்கரம். கட்டைவிரலால் ஏற்றிய குதிரை நிற்கும் பள்ளத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு. ட்ரிகரின் கூர் முனை அதில் உட்கார்ந்திருக்கிறது. நன்றாகச் செய்த பள்ளத்தில், ட்ரிகர் நழுவும்போது குதிரை இம்மியளவு பின்னால் ஏறித்தான் விழும். அந்தச் சாய்வு ஒரு காவல். யாரும் இழுக்காதவரை ஸ்பிரிங்கே ட்ரிகரை உள்ளே இழுத்து வைத்திருக்கும். அந்த முகத்தை இரண்டு டிகிரி தவறாகத் தேய்த்தால் சாய்வு தலைகீழாகும். ஸ்பிரிங் ட்ரிகரை வெளியே தள்ளப் பார்க்கும். ஒட்டிக்கொண்டிருப்பது உராய்வின் தயவில். மேசை தட்டினால், கதவை அறைந்தால் போதும்.

அதோடு தோல் விவகாரமும் உண்டு. பழைய குதிரைகளும் ட்ரிகர்களும் மிருதுவான எஃகில் செய்து, மேல்தோலில் மட்டும் கரி ஏற்றிக் கடினப்படுத்தியவை. நம் கொல்லர்கள் அரிவாளுக்குத் துவைச்சல் கொடுப்பதன் உறவுக்கார வேலை. இந்த உறுப்புகளின் நீலமும் பழுப்பும் கலந்த மயில்கழுத்து நிறம் அந்தக் கடினப்படுத்தலிலிருந்து வருவது. உள்ளே சுமார் 0.2 சதவீதம் கரி, தோலில் 0.8 சதவீதத்தை ஒட்டி. தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்கு. அரம் அதைத் தாண்டிவிட்டால் தெரிவது மெத்தென்ற இரும்பு. அன்றைக்கு ட்ரிகர் வெண்ணெய்போல வரும். செய்தவர் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். 60-ல் ஒரு பங்கு சதுர மில்லிமீட்டரில் 10 கிலோ அழுத்துவதை மிருதுவான இரும்பு தாங்காது. சில நூறு இழுப்புக்குள் முனை மழுங்கும். பிறகு ஒருநாள், ஏற்றி வைத்த குதிரை யாரும் தொடாமலே விழும்.

குதிரைக்கும் தோட்டாவுக்கும் நடுவே ஒரு மெல்லிய எஃகுப் பட்டை ஏறி இறங்கும். ட்ரிகர் முழுதும் இழுபட்டால் ஒழிய அது குதிரையை மறிக்கும். இழுப்பு இன்னும் கொஞ்சம் சுகமாக இருக்கட்டும் என்று அதையே கழற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டையின் இப்போதைய வடிவத்துக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் இரும்புத் தளத்தில், இதே மாடல் 10-ன் போர்க்கால வடிவமான விக்டரி மாடல் ரிவால்வர் கைநழுவி விழுந்தது. குதிரையின்மேல் விழுந்த அடியில் அது வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதற்கு முன்னிருந்த தடுப்பு அந்த அடியைத் தாங்கவில்லை. கடற்படை கேட்டுக்கொள்ள, 1944 முடிவதற்குள் கம்பெனி வேறு தடுப்பை வடிவமைத்துப் பொருத்தத் தொடங்கியது. அதைக் கழற்றுகிறவர் அந்த இரும்புத் தளத்தைத் தன் வீட்டுக்குள் கொண்டுவருகிறார். இதில் எனக்கு எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை.

இந்தியாவில் வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, விற்பனைக்கும் தயாரிப்புக்கும் மட்டுமல்ல, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. ஓஹாயோ கராஜில் நடந்ததை நம் ஊரில் வீட்டு மேசையில் செய்து பார்க்க இடமில்லை. இயற்பியலைத் தையல் மெஷினிலும் பூட்டிலும் பார்த்துக்கொள்ளலாம், விதிகள் ஒன்றே.

பெரியவர் அன்றைக்குப் பள்ளத்தைத் தொடவில்லை. ஸ்பிரிங்குகளை அப்படியே வைத்தார். தடுப்புப் பட்டையைத் துடைத்து, அதன் இடத்தில் உட்கார வைத்து, தகட்டை விரலால் அமுக்கி மூடினார். சுத்தி தேவைப்படவில்லை. மறுபடி உருளையைத் திறந்து ஆறு அறைகளையும் பார்த்தோம். தராசை மாட்டினார். முள் 11-ஐத் தாண்டி நின்றது. காகிதத்தில் 12-க்குக் கீழே அதை எழுதினார்.

என்னிடம் கொடுத்தார். இழுத்தேன். ஐந்து கிலோ அப்படியே இருந்தது, ஆனால் இப்போது அது ஒரே துண்டாக வந்தது. நடுவில் சுமை கைமாறும் இடம்கூடத் தேடினால்தான் அகப்பட்டது.

சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து சென்ட் காசை எடுத்து, குழலின் மேல், குறிமுள்ளுக்குப் பின்னால் வைத்தார். இழு என்றார். காசு விழுந்து மேசைக்கு அடியில் உருண்டது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. இந்தத் தடவை கரகரப்பு இரும்பில் இல்லை, என் கையில். ஒன்பதாவது முறை குதிரை விழுந்த பிறகும் காசு அங்கேயே இருந்தது, விளக்கு வெளிச்சத்தில் லேசாக நடுங்கிக்கொண்டு.